நாடா இல்லாத சரக்கு

வெளிச்சம் வரும் முன்பே எழுந்து, பருத்திக்காட்டு ஓரமாக நடந்து ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் சுடலையம்மாளின் செருப்பு ஒவ்வொன்றிலும் அரைக்கிலோ மண் ஏறியிருந்தது. மார்கழியில் பெய்த மழை தை பிறந்தும் கரிசலை விட்டு இறங்கவில்லை. மைல்கல்லில் செருப்பைத் தேய்த்து மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, பதினோரு பேர் அடைந்து கிடந்த ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டாவது ஆளாக ஒடுங்கி உட்கார்ந்தாள். மடியில் தூக்குவாளி. கூட வந்த பெண்களில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நேற்று ராத்திரி ஒன்பதுக்கு விட்டு இன்று காலை ஐந்தரைக்கு வரச் சொன்னால் எங்கே தூங்குவது?

புதியம்புத்தூரில் இறங்கியபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. தெரு முழுக்க மோட்டார் சத்தம் கிளம்பிவிட்டது. ஜெயகிருஷ்ணனின் கம்பெனி என்பது சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு நீளக் கொட்டகை. உள்ளே இருபத்துநாலு மிஷின். பஞ்சுத்தூசி எந்நேரமும் மிதந்துகொண்டே இருக்கும். அது மூக்கில் ஏறும், உதட்டில் ஒட்டும், சோற்றிலும் விழும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் அன்றைக்குத் தைத்த துணியின் நிறம் தெரியும். இப்போது பதினைந்து நாளாக எல்லாருக்கும் நீலமும் அரக்கும்தான். சுனாமி முகாமுக்குப் போகிற பாவாடைக்கு அந்த இரண்டு நிறத்துணிதான் வந்திருந்தது.

சுடலையம்மாளுக்குச் செக்கிங் வேலை. பதினெட்டு வருஷம் மிஷின் மிதித்தவள். வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனபின், "போனாப் போகுது, பழைய ஆளு" என்று ஜெயகிருஷ்ணன் அவளுக்கு ஒரு மேஜையைக் கொடுத்தார். தைத்து வருகிற பாவாடையை உள்ளும் புறமும் திருப்பி, தையல் ஓடிய வழியெல்லாம் கட்டைவிரலால் நெருடிப் பார்ப்பாள். பிசகு இருந்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்: "பிரி." பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அந்த ஒரு சொல்லில் பத்து நிமிஷக் கூலி போய்விடும். அதனால் கொட்டகையில் அவளுக்குப் பாசமாகப் பேசுகிற ஆள் குறைவு. அவள் மேஜையைத் தாண்டும்போது பேச்சு நிற்கும், தாண்டியபின் சிரிப்பு வரும். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று காட்டிக்கொள்வாள்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் எழும்பி ஊருக்குள் வந்தபோது, இந்தக் கொட்டகைப் பெண்கள்தான் முதலில் சொன்னார்கள்: "அண்ணாச்சி, அந்தச் சனங்களுக்கு ஒரு நாள் நாங்க கூலியில்லாமத் தச்சுத் தாரோம்." சொன்னபடி தைத்தும் கொடுத்தார்கள். மறுநாள் ரோட்டு முக்கில் ஒரு பேனர் கட்டியிருந்தது. அதில் ஜெயகிருஷ்ணன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பெண்கள் கொடுத்த ஒரு நாள் உழைப்பு அவர் பெயரில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த பேனரைப் பார்த்துத்தான் ஒரு தொண்டு நிறுவனம் அவரைத் தேடி வந்து, முகாம்களுக்கு ஐயாயிரம் பாவாடைக்கு ஆர்டர் கொடுத்தது.

ஆர்டர் வந்த மறுநாள் ஜெயகிருஷ்ணன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது ரிட்டன் இல்லாத சரக்கு. பாத்துக்கிடுங்க."

கடைக்குப் போகிற சரக்கில் குறை இருந்தால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குப் பெயர் ரிட்டன். ரிட்டன் வந்தால் முதலாளிக்கு நஷ்டம், தைத்தவளுக்குத் திட்டு. முகாமில் கிடக்கிற சனம் எதை, யாரிடம் திருப்பி அனுப்பும்? ஜெயகிருஷ்ணன் இதை நன்றாக யோசித்துத்தான் சொன்னார்.

"அதனால நாடா வேண்டாம். பட்டிய மட்டும் அடிச்சு விட்டுருங்க, அவிய கோத்துக்கிடுவாவ. நாடா கோக்குற வேலை ஒங்களுக்கு மிச்சம். வேலை குறையுதுல்லா? ரேட்டுலயும் அதுக்குத் தக்கக் குறைச்சுக்கிடுவோம்."

நாடா கோர்க்கிற வேலை குறைந்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் கூலியில் அதைப்போல இரண்டு மடங்கு குறைத்தார். யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். "செத்தவங்களுக்குச் செய்யுத காரியத்துல கூலி பேசலாமா?" என்று அவர் கேட்டதும் எல்லோருக்கும் வாய் அடைத்துப்போயிற்று. இரக்கப்பட்டவர்களின் வாயை இரக்கத்தாலேயே கட்டிப்போட அவருக்குத் தெரிந்திருந்தது.

சுடலையம்மாளிடம் மட்டும் தனியாக வந்து இன்னொன்று சொன்னார். நிறுவனத்துக்காரர்கள் காட்டிய மாதிரிப் பாவாடையில் நாடா இருந்தது. அதனால் ஒவ்வொரு கட்டிலும் மேல் வரிசைக்கு மட்டும், அவர் வீட்டில் வைத்து நாடா கோர்த்த பாவாடைகளை அடுக்க வேண்டும், செக்கிங் சீட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் போட்டாள். விரல் மரத்த பெண்ணுக்கு இந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனி மேஜை கொடுக்கும்? வீட்டில் புருஷன் கண்ணுசாமி இரண்டு ஏக்கர் மானாவாரியையும் பதினாலு ஆட்டையும் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். மகள் பிரித்திகா கோவில்பட்டியில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். இந்த மேஜை போனால் அந்தப் படிப்பும் போகும்.

மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நாடா பெரிய விஷயமா? எந்த வீட்டில் பழைய நாடா கிடக்காது? இந்தப் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் கிழிந்த பாவாடையை அப்படியே தூர எறியமாட்டாள். முதலில் நாடாவை உருவிச் சுருட்டித் தகரப்பெட்டியில் போட்டுக்கொண்டுதான் துணியைக் கரித்துணியாக்குவாள். விறகுக்கட்டு கட்ட அதுதான், ஆட்டுக்குட்டி கழுத்திலும் அதுதான். அவள் வீட்டிலேயே ஏழெட்டு இருக்கும். அவர்கள் வீட்டில் மட்டும் இருக்காதா என்ன? இப்படி நினைத்துத்தான் முதல் லோடின் இருபத்தைந்து கட்டுக்கும் கையெழுத்துப் போட்டாள். பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி அது போனது.

இன்றைக்கு இரண்டாவது லோடு. காலை பத்தரை மணிக்குள் இருபது கட்டு கட்டி முற்றத்தில் அடுக்கியாகிவிட்டது. சீட்டில் கையெழுத்து மட்டும் பாக்கி. வேன்காரர் மாடக்கண்ணு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். முன்சீட்டிலிருந்து ஒரு பொம்பளை இறங்கினாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. யாரோ கொடுத்த சேலை அது, பட்டுக்கரை போட்டது. அவள் உடம்புக்கும் அந்தச் சேலைக்கும் சம்பந்தமே இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"முகாம்ல இருந்து வாராவ. பேரு சூசையம்மா. நீ பாவாடை எடுத்துட்டு வார எடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போன்னு வண்டியில ஏறிட்டாவ. நான் என்ன செய்ய?" என்றார் மாடக்கண்ணு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

கொட்டகைக்குள் அத்தனை தலையும் மிஷினுக்குள் குனிந்துகொண்டது. சரக்கு ரிட்டன் வந்தால் இப்படித்தான் குனிவார்கள். இந்தத் தடவை ரிட்டனாக ஒரு ஆளே வந்து நின்றது.

"பாவாடை தச்சது இங்கனதானா தாயி?"

"ஆமா," என்றாள் சுடலையம்மாள். "ஏன், தையல் விட்டுட்டா?"

"தையல் நல்ல தையல். கொறை சொல்ல வரல. நாடா இருந்தாக் கொஞ்சம் குடுங்க. துண்டும் துக்காணியுமா இருந்தாலும் சரி. அதக் கேட்டுப்போகத்தான் வந்தேன்."

"அது... பழைய நாடா எதுவும் இல்லையா?" சுடலையம்மாளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

சூசையம்மா அவளைக் கோபமில்லாமல் பார்த்தாள். "பழைய நாடா வீட்டுலல்லா கெடக்கும் தாயி? எங்களுக்கு வீடே இல்லையே."

ஐயாயிரம் பேருக்குப் பாவாடை போகிறது என்றால் ஏன் போகிறது என்று சுடலையம்மாள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எல்லோருடைய தகரப்பெட்டியும் தன் வீட்டுத் தகரப்பெட்டி மாதிரியே பத்திரமாக இருக்கிறதென்று நினைத்துவிட்டாள். எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம்!

சூசையம்மா மேஜைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்ததால் அவள் சொன்னது கொட்டகை முழுக்கக் கேட்டது.

"கல்யாண மண்டபத்துல நானூறு பேரு கெடக்கோம். பின்னால ஒரே ஒரு பைப்பு. மறைப்புக் கெடையாது. ஆம்பளைய அங்கனதான் நடமாடுதாவ. பாவாடைய மாருக்கு மேல ஏத்திக் கட்டித்தான நாம குளிக்கணும்? நாடா இல்லாம எப்பிடி ஏத்திக் கட்ட? ஒரு கையால புடிச்சிக்கிட்டு ஒரு கையால தண்ணி ஊத்தப் பாத்தோம். நழுவுது. கொமருப் பிள்ளைய பத்து நாளாக் குளிக்கல. கரை ஒதுங்குன வலைய அறுத்து, அந்த நைலான் கயிறக் கோத்துக் கட்டுனோம். நனைஞ்சா அது கத்தி. புள்ள பெத்து எட்டு நாளு ஆன பொண்ணு ஒருத்தி அதக் கட்டிக் குளிச்சா. வயித்தச் சுத்தி அறுத்துட்டு. சீழு வச்சு, நேத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு."

பையிலிருந்து ஒரு நீலப் பாவாடையை எடுத்து மேஜையில் வைத்தாள். பட்டிக்குள் பச்சை வலைக்கயிறு ஓடியது. முடிச்சுப் பக்கத்தில் துணி கறுத்துக் காய்ந்திருந்தது. இரத்தம் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று ஊசி ஏறிய விரல்காரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வந்து பாக்குத ஆபீசருமாருகிட்டச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள் சுந்தரேஸ்வரி. கொட்டகையிலேயே வாய்த்துடுக்கு அதிகம் அவளுக்கு.

"அரிசி இல்லைன்னாக் கேட்டுருவோம். பாயி இல்லைன்னாக் கேட்டுருவோம். பாவாடைக்கு நாடா இல்லைன்னு ஆம்பளையாளுக முன்னால எந்த வாயால கேக்க?"

அந்த நேரம் பார்த்து ஜெயகிருஷ்ணன் அறையிலிருந்து வெளியே வந்தார். மிஷின்கள் நின்றதுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"என்ன கூட்டம்? யாரு இது?"

சுடலையம்மாள் சொன்னாள். அவர் பாவாடையைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எனாமாக் கெடச்சதுக்கு நொட்டை சொல்லிக்கிட்டு இவ்வளவு தூரம் வருவாவளா? நாடா என்ன, கடையில விக்காத சாமானா?"

"எனாம்னு நாங்க கேக்கலியே ஐயா," என்றாள் சூசையம்மா. "படகு இருந்தா ஒங்க வாசல்ல நான் ஏன் வந்து நிக்கேன்? மீனு தின்னுத எல்லாரும் எங்க வாசல்ல வந்து நின்னவியதான்."

அவர் சுடலையம்மாள் பக்கம் திரும்பினார். "சீட்டுல கையெழுத்துப் போடு. லோடு ஏறட்டும்."

"இந்தக் கட்டுலயும் நாடா இல்ல அண்ணாச்சி."

"அதான் மேல் வரிசையில இருக்குல்லா? புதுசாச் சொல்லுத?"

கோபத்தில் வாய் தவறிவிட்டது. கொட்டகை முழுக்கக் கேட்டுவிட்டது. சுந்தரேஸ்வரி எழுந்து முற்றத்துக்கு நடந்தாள். ஒரு கட்டின் கயிற்றை அறுத்து, மேல் வரிசையைத் தூக்கினாள். நாடா. இரண்டாவது வரிசையைத் தூக்கினாள். வெறும் பட்டி. மூன்றாவதும் வெறும் பட்டி.

"இத யாரு இப்பிடி அடுக்குனது?"

"நாந்தான்," என்றாள் சுடலையம்மாள்.

"நீயா? ஒரு நூலு கோணுனாலும் எங்கள பிரி பிரின்னு உசுர எடுத்தியே, நீயா?" சுந்தரேஸ்வரியின் முகம் சிவந்துவிட்டது. "எங்க கண்ணுல விரல விட்டு ஆட்டுனவ, இந்தக் களவாணித்தனத்துக்குக் கையெழுத்தும் போட்டிருக்க!"

சுடலையம்மாளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பதினைந்து நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

"போட்டேன். என் வேலை போயிரும்னு பயந்து போட்டேன். மேல் வரிசைய அடுக்குன கை இதுதான். அந்தப் பொண்ணு வயித்த அறுத்ததும் இந்தக் கைதான். பெறகு என்னய என்ன வேணும்னாலும் ஏசுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா இந்த லோடு இப்பிடியே போகக் கூடாது. நான் ஒருத்தி கையெழுத்துப் போடலைன்னா அவரே போட்டு அனுப்பிருவாரு. நீங்களும் சேந்து நின்னாத்தான் நிக்கும்."

"நாங்க எதுக்கு நிக்கணும்?" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. "கூலியக் குறைச்சப்ப நீ எங்களோட நின்னியா?"

"நிக்கல. அப்ப எனக்குப் புத்தி வரல. இப்ப யோசிச்சுப் பாருங்க. நாடாவ வெட்டுனவரு அதோட ஒங்க கூலியையும் வெட்டுனாரு. அந்த மண்டபத்துப் பொண்ணுகள யாரு கேப்பான்னாரு, ஒங்களையும் யாரு கேப்பான்னுதான இருக்காரு? ரெண்டயும் வெட்டுனது ஒரே கத்தரிதான்."

கட்டிங் மேஜையில் நின்ற பூவனநாதன், பத்து வருஷமாக முதலாளிக்கு எதிரே ஒரு வார்த்தை பேசாத மனுஷன், கையிலிருந்த கட்டிங் மிஷினின் சுவிட்சை அணைத்தார்.

"நாடாவுக்கும் சேத்துத்தான் அந்த நிறுவனத்துக்காரவ துணி கணக்குப் பண்ணிக் குடுத்தாவ," என்றார் தரையைப் பார்த்தபடி. "ஓரத்துணியெல்லாம் மூட்டையாக் கெடக்கு. விலைபேசி வச்சிருக்காரு."

சுந்தரேஸ்வரி சுடலையம்மாளை ஒருமுறை முறைத்தாள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, லேசில் தீரவும் தீராது. ஆனாலும் அவள் போய் முற்றத்தில் இருந்த கட்டின்மேல் ஏறி உட்கார்ந்தாள். அடுத்து பின்வரிசைக்காரி போனாள். அப்புறம் யார் யார் போனார்கள் என்று சொல்ல முடியாது, இருபத்துநாலு மிஷினுக்கு முன்னாலும் ஆள் இல்லை.

"நாடா கோத்தாத்தான் லோடு," என்றாள் சுந்தரேஸ்வரி. "பழைய ரேட்டுத்தான் கூலி. இதுக்காக ஒருத்தரையும் நிப்பாட்டக் கூடாது. செக்கிங் அக்காவையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"ஏட்டி, யாருகிட்டப் பேசுத?" ஜெயகிருஷ்ணன் கத்தினார். "நாளைக்கே விளாத்திகுளத்துல இருந்து ரெண்டு வேன் ஆள எறக்குவேன். சுடலையம்மா, ஒனக்கு இன்னையோட கணக்கு முடிஞ்சுது. நாளைக்கு வர வேண்டாம்."

சுடலையம்மாளுக்குப் பிரித்திகா வெள்ளைச் சீருடையில் பஸ் ஏறுகிற காட்சி வந்து போயிற்று. பயம் போகவில்லை. பயத்தோடேதான் பேசினாள்.

"நாளைக்கு வாரதப் பத்தி நாளைக்குப் பேசுவோம் அண்ணாச்சி. இன்னைக்கு இந்தக் கட்டு நகராது."

அவர் விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன. நாடா கோர்க்கிற கம்பிகளை, நாடா வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே பெண்களிடம் வாங்கி ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார். அந்த அறைச் சாவியைச் சட்டைப்பையில் தட்டிக் காட்டினார். "கரண்டு இல்ல, கம்பி இல்ல. எதக் கொண்டு கோப்பிய? பாக்குதேன்." அறை வாசலில் நின்று யாருக்கோ போன் போட்டார். ஸ்டேஷன், வேன், ஆள் என்று வார்த்தைகள் காதில் விழுந்தன.

பூவனநாதன் ஓரத்துணி மூட்டையை இழுத்து வந்து முற்றத்தில் கொட்டினார். நீலமும் அரக்குமாக நீள நீளத் துண்டுகள். உட்கார்ந்து ஒரே அளவாகக் கிழிக்கத் தொடங்கினார். சூசையம்மா யாரும் கூப்பிடாமலே அவர் எதிரே உட்கார்ந்து, கிழித்த துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்தாள். வலை முடிந்த கை, வேகமாக ஓடியது. மாடக்கண்ணு டீக்கடையிலிருந்து வந்து பார்த்தார். வேன் சாவியை உருவி மடியில் சொருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

நாடா தயாராகிவிட்டது. கோர்க்க என்ன செய்வது?

சுந்தரேஸ்வரி ரவிக்கைக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் தொங்கிய ஊக்குகளில் இரண்டைக் கழற்றினாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சுடலையம்மாள் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் நீட்டினாள். ஒருத்தி வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். இன்னொருத்தி சேலை மாராப்பில் குத்தியிருந்ததை உருவிவிட்டு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஊக்கை நாடா நுனியில் குத்தி, பட்டிக்குள் விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளி, மறுபக்கம் உருவினார்கள். ஒன்று முடிந்தது. ஆயிரத்துச் சொச்சம் இருந்தது.

சுடலையம்மாளின் மரத்த விரல்களுக்கு ஊக்கு பிடிபடவில்லை. நழுவி நழுவி விழுந்தது. இடது கையால் கோர்க்கப் பழகினாள். வெயில் ஏறியது. யாரும் சோற்றுவாளியைத் திறக்கவில்லை. ஊக்கு பத்துப் பன்னிரண்டுதான் இருந்தது. ஊக்கு இல்லாதவர்கள் கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்கள். இந்த வேகத்தில் போனால் முடிக்க இரண்டு நாளாகும். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரலாம், விளாத்திகுளத்து வேனும் வரலாம். எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு எதிர்க் கம்பெனியில் மிஷின்கள் நின்றன. அங்கே நைட்டி தைக்கிற பெண்கள் கை கழுவ வெளியே வந்தார்கள். முற்றத்தில் இந்தக் காட்சியைப் பார்த்து, "ஏட்டி, என்னட்டி அது?" என்று ஒருத்தி ரோட்டின் அந்தப் பக்கமிருந்தே கேட்டாள். சுந்தரேஸ்வரி கோர்த்தபடியே, வலைக்கயிறு அறுத்த வயிறு வரைக்கும் உரக்கச் சொன்னாள். கேட்டவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவளோடு பதினைந்து பேர் இருந்தார்கள். ரோட்டைக் கடக்கும்போதே வளையலிலிருந்தும் தாலிக்கொடியிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஜெயகிருஷ்ணன் ஓடிவந்து கேட்டை மறித்து நின்றார்.

"ஒங்களுக்கு இங்கன என்ன வேலை? இது ஒங்க கம்பெனியா? ஒங்க ஆர்டரா?"

முன்னால் வந்தவள் ஊக்கை விரலிடுக்கில் பிடித்தபடி நின்றாள்.

"நாங்களும் பாவாடைய ஏத்திக் கட்டிக் குளிக்கிறவியதான் அண்ணாச்சி. தள்ளுங்க."

அவர் விலகவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.